குத்தம் சொல்ல முடியாத வீடு

வீட்டுக்காரியே தன் வீட்டில் குடியிருப்பவளைக் கூட்டிக்கொண்டு, அவளுக்கு வாடகை வீடு தேடி அலைந்ததை அந்தத் தெருக்காரர்கள் ரொம்ப நாளைக்குச் சொல்லிச் சிரித்தார்கள். கோவில்பட்டியில் அதற்கு முன்னால் அப்படி ஒன்று நடந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. வெள்ளைத்தாய்க்கு அப்போது அறுபத்தாறு வயது. குல்ஷனுக்குப் பத்து வயது குறைவு. பங்குனி வெயிலில் ஒரே குடைக்குள் இரண்டு பேரும் தெருத் தெருவாகப் போனார்கள். முழங்கால் வலிக்கு வெள்ளைத்தாய் மூன்று வீட்டுக்கு ஒரு தடவை நிற்பாள். குல்ஷனும் கூட நிற்பாள்.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் அது. நாலுவழிச் சாலை போடுகிற வேலைக்கு எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து இறங்கியிருந்தார்கள். இன்ஜினியர், சூப்பர்வைசர், மிஷின் ஓட்டுகிறவர்கள் என்று அத்தனை பேருக்கும் தங்க வீடு வேண்டியிருந்தது. வாடகையைக் கம்பெனி கொடுத்ததால் அவர்கள் யாரும் பேரம் பேசவில்லை. ஊரில் நல்லதாக நாலு சுவர் வைத்திருந்தவர்கள் எல்லாம் வாடகையை ஒன்றுக்கு மூன்றாகக் கேட்க ஆரம்பித்தார்கள்.

வெள்ளைத்தாயின் கணவர் சுடலைமணி புதூர்ப் பக்கம் ஆட்டுக்கிடை போட்ட குடும்பத்தில் பிறந்து, நூல் மில்லுக்கு வேலைக்கு வந்தவர். இருந்த காலத்தில் இரண்டு அறையும் ஒரு அடுப்படியுமாகச் சின்ன வீடு ஒன்று கட்டினார். அவர் போன பிறகு மகன் நந்தகோபால் ஆபீஸில் கடன் வாங்கி, முன்னால் கிடந்த காலி இடத்தில் இன்னொரு வீடு கட்டினான். பின்வீடு அம்மாவுக்கு, முன்வீடு வாடகைக்கு. சுவரில் பூச்சு காய்ந்த கையோடு முன்வீட்டுக்குக் குடிவந்தவர்கள்தான் பிச்சை முகம்மதுவும் குல்ஷனும். பஜாரில் ஒரு ஜவுளிக்கடையில் அவருக்கு வேலை. மகள் ருமானாவுக்கு அப்போது ஆறு வயது. அவள் வளர்ந்து, கயத்தாறுக்குக் கல்யாணமாகிப் போன பிறகும், ஆக மொத்தம் பதினாலு வருஷம் அந்த வீட்டில்தான் இருந்தார்கள்.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சந்து. அதில் ஒரே குழாய். எட்டு நாளைக்கு ஒரு தடவை, பத்து நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் வருகிற ஊர். தண்ணீர் வந்தால் குல்ஷன் தன் குடத்தை வைப்பதற்கு முன் வெள்ளைத்தாய் வீட்டுத் தொட்டியை நிரப்பிவிடுவாள். வெள்ளைத்தாய் முழங்காலை நீட்டி உட்கார்ந்து குடங்களைக் கழுவிக் கொடுப்பாள். இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று கேட்டால் இரண்டு பேருக்கும் சொல்லத் தெரியாது. ஆனால் பேச்சு மட்டும் ஓய்ந்ததில்லை.

நந்தகோபால் மனைவி, மகள் பிரித்திகாவுடன் சென்னையில் வேளச்சேரியில் வாடகைக்கு இருந்தான். ஒரு நாள் சாயங்காலம் போன் பண்ணினான்.

"யம்மா, எங்க ஓனரு இந்த மாசத்துல இருந்து ரெண்டாயிரம் கூடக் கேக்கான். கம்ப்யூட்டர் கம்பெனில வேலை பாக்குத பசங்க கேட்ட வாடகையக் குடுக்கானுவளாம். முடியலன்னா காலி பண்ணுங்கான்."

"நீ என்ன சொன்ன?"

"என்னத்தச் சொல்ல? பிரித்திகாவ நடுவுல ஸ்கூல் மாத்த முடியுமா? சரின்னேன்." பிறகு விஷயத்துக்கு வந்தான். "நம்ம முன்வீட்டுக்கு ரோட்டுக் கம்பெனிக்காரங்க மூவாயிரம் தாரோம்ங்காவளாம். புரோக்கர் எனக்கே போன் பண்ணுதான். பாய் தொள்ளாயிரம் தாராரு."

"அவிய இத்தன வருசமா இருக்காவடா."

"அதுக்காகத்தாம்மா போன வருசம் பூரா நான் வாயத் தெறக்கல. அவியளால முடிஞ்சா அவியளே இருக்கட்டும். நீ கேட்டுப் பாரு."

அவன் குரல் அலுத்துப்போய் இருந்தது. வீடு கட்டிய கடன் அவன் சம்பளத்தில்தான் இன்னும் பிடித்தம் ஆகிக்கொண்டிருந்தது. கோபப்படக்கூட வெள்ளைத்தாய்க்கு ஒரு பிடி கிடைக்கவில்லை. "கேக்கேன்" என்று போனை வைத்தாள்.

கேட்கவில்லை. மூவாயிரம் ரூபாய் பிச்சை முகம்மதுவின் ஒரு மாதச் சம்பளம். அதை எந்த வாயால் கேட்பது? குழாயடியில் அவள் பேச்சு குறைந்தது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு குல்ஷனே ஆரம்பித்தாள்.

"அக்கா, புரோக்கர் எங்க வீட்டவியட்ட கடையில வந்தே சொல்லிட்டான். நீங்க ஏன் மனசுல வச்சிக்கிட்டு கஷ்டப்படுதீங்க? நந்தா தம்பி கேக்குதது நியாயந்தான."

"நியாயம் என்னட்டி நியாயம்."

"எங்க வீட்டவிய ஐநூறு கூடத் தரலாம்ங்காவ. அதுக்கு மேல எங்களால ஏலாதுக்கா. வேற வீடு பாத்துக்கிடுதோம். எனக்கு ஒத்தையில போய்க் கேக்கத்தான் என்னமோ மாதிரி இருக்கு."

"நான் வாரேன்" என்றாள் வெள்ளைத்தாய்.

அப்படித்தான் அந்தக் குடை ஊர்வலம் ஆரம்பித்தது. முதலில் பார்த்த வீட்டில் கக்கூஸ் வாசலுக்கு நேராக இருந்தது. "காலங்காத்தால எந்திரிச்சி இதுலயா முழிப்ப? வேண்டாம்." அடுத்த வீட்டில் அடுப்படிக்கு ஜன்னல் இல்லை. "புகையில கண்ணு அவிஞ்சி போவும்." அதற்கடுத்தது மாடி. "பாய் ராத்திரி கடையடச்சி வந்து இத்தன படி ஏறவா?" ஒரு வீடு எல்லா வகையிலும் நன்றாக இருந்தது. வெள்ளைத்தாய் சுற்றிச் சுற்றி வந்தாள். கடைசியில், தெருமுனையில் நாய்கள் அதிகம் என்றாள். குல்ஷன் எதற்கும் மறுத்துப் பேசவில்லை. ஒவ்வொரு வீடும் தட்டிப்போகும்போது திரும்பி வருகிற நடையில் இருவருக்குமே ஒரு தெம்பு வந்தது. வழியில் நன்னாரி சர்பத் வாங்கிக் குடித்தார்கள்.

ஒரு வீட்டில் மட்டும் வீட்டுக்கார அம்மாள் குல்ஷனின் பெயரைக் கேட்டுவிட்டு, "சொந்தக்காரங்களுக்குப் பேசி வச்சிருக்கு" என்றாள். வாசலில் வாடகைக்கு விடப்படும் என்ற அட்டை தொங்கிக்கொண்டே இருந்தது. "வாங்கக்கா, போவோம். எனக்குப் பழகுனதுதான்" என்று குல்ஷன் இறங்கிவிட்டாள். வெள்ளைத்தாய் இறங்கவில்லை.

"பதினாலு வருசமா எங்க வீட்டுலதான் இருக்காவ. ஒரு மாசம் வாடகை தவறுனது கெடையாது. இவியள மாதிரி ஆளு ஒங்களுக்குக் கெடைக்காது" என்றாள்.

"அவ்வளவு நல்லவியள நீங்க ஏன் அனுப்புதீங்க?" என்று கேட்டாள் அந்த அம்மாள்.

வெள்ளைத்தாய் குடையை விரித்துக்கொண்டு வெளியே வந்தாள். அன்றைக்கு வழியில் சர்பத் குடிக்க நிற்கவில்லை. குல்ஷன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

கடைசியில் ரயில்வே கேட்டைத் தாண்டி இலுப்பையூரணிப் பக்கம் ஒரு வளவு கிடைத்தது. ஒரே வரிசையில் ஆறு வீடுகள், நடுவில் பொது முற்றம், போர் தண்ணீர். தலைமாட்டு வீட்டில் வளவுக்காரி சொர்ணத்தாய் இருந்தாள். மூன்றாம் வீடு காலி. வாடகை கட்டுப்படியானது. வெள்ளைத்தாய் உள்ளே போய் ஜன்னலைத் திறந்து மூடினாள். சுவரைத் தட்டிப் பார்த்தாள். கக்கூஸ் பின்னால் ஒதுங்கி இருந்தது. வேப்பங்காற்று வந்தது. நிலைப்படியில் வந்து உட்கார்ந்தாள்.

"என்னக்கா?"

"இதுல குத்தம் சொல்ல ஒண்ணுமில்லட்டி."

குல்ஷன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீங்க ஒவ்வொரு வீட்டுலயும் குத்தம் சொல்லச் சொல்ல எனக்கு சந்தோசமாத்தான்க்கா இருந்துச்சி" என்றாள்.

சித்திரை பிறந்ததும் அவர்கள் காலி பண்ணினார்கள். மினி லாரியில் சாமான் ஏறும்போது வெள்ளைத்தாய் வெளியே வரவில்லை. பிச்சை முகம்மது பின்வீட்டு வாசலில் வந்து நின்று, "வாரோம்க்கா. என்ன ஏதுன்னாலும் கடைக்கு ஒரு போன் பண்ணுங்க" என்றார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். லாரிச் சத்தம் தேய்ந்த பிறகு விளக்குமாறை எடுத்துக்கொண்டு முன்வீட்டுக்குப் போனாள். குல்ஷன் ஏற்கெனவே கூட்டி, கழுவிவிட்டுப் போயிருந்தாள். கூட்ட ஒன்றும் இல்லை. அடுப்படியில் மட்டும் இஞ்சி பூண்டு வாசம் சுவரில் ஊறிக் கிடந்தது. அடுத்த வாரம் கம்பெனிக்காரர்கள் வெள்ளையடித்ததில் அதுவும் போனது.

புதிதாக வந்தவர்கள் மூன்று பேர். வடக்கத்தி ஆட்கள். விடியும் முன் ஜீப் வந்து கூட்டிப்போகும், இருட்டிய பிறகு கொண்டுவந்து விடும். பார்த்தால் கும்பிடு போடுவார்கள். ஒரு சத்தம் சச்சரவு கிடையாது. முதல் தேதி வாடகை நேராக நந்தகோபால் கணக்கில் ஏறிவிடும். குறை சொல்வதற்கு இல்லாத மனிதர்கள்தான். ஆனால் பகல் முழுவதும் முன்வீட்டில் பூட்டு தொங்கியது. தண்ணீர் வருகிற நாளில் வெள்ளைத்தாய் தவலையைத் தூக்க முடியாமல் சொம்பால் மொண்டு மொண்டு தொட்டியில் ஊற்றினாள். பாதி நிரம்புவதற்குள் குழாய் நின்றுவிடும்.

மனசு கேட்காத நாளில் வளவுக்குப் போனாள். மெயின் ரோட்டைத் தாண்டி, ரயில்வே கேட் மூடியிருந்தால் காத்திருந்து, போய்ச் சேரும்போது முழங்கால் இரண்டும் வீங்கிவிடும். குல்ஷன் பதறுவாள். "இந்தக் காலோட எதுக்கு வருதீங்க? நான் வரமாட்டனா?" அவளும் வரத்தான் செய்தாள். ஆனால் வரவுக்கும் செலவுக்கும் இழுபறியானதால் வீட்டிலேயே அப்பளம் உருட்டிக் கொடுக்கிற வேலையை எடுத்திருந்தாள். வந்தால் உட்கார நேரமில்லை. முன்பெல்லாம் பேச்சு தானாக வந்துகொண்டிருந்தது. இப்போது பேசுவதற்கென்று உட்கார வேண்டியிருந்தது. சொல்ல வேண்டியதை எல்லாம் வெள்ளைத்தாய் வாரம் முழுக்கச் சேர்த்து வைப்பாள். குல்ஷன் வந்து எதிரில் உட்கார்ந்தால் பாதி மறந்துபோகும். அவள் கிளம்பிப் போன பிறகு ஒவ்வொன்றாக ஞாபகம் வரும்.

அந்த வருஷம் ஊரெல்லாம் சிக்குன்குனியா பரவியது. ஆவணியில் வெள்ளைத்தாய்க்கும் வந்தது. காய்ச்சல் இறங்கிய பிறகும் கை கால் மடக்க முடியவில்லை. எழுந்து கதவைத் திறக்க முடியாமல் இரண்டு நாள் கிடந்தாள். முன்வீட்டு ஆட்கள் இருட்டில் வந்து இருட்டில் போனார்கள். அவர்களுக்குத் தெரிய வழி இல்லை. பால் ஊற்றுகிற வெயிலம்மாள்தான், வாசலில் வைத்த பால் அப்படியே திரிந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு ஜன்னலைத் தட்டினாள். ஜவுளிக்கடைக்குப் போன் போனது. பிச்சை முகம்மது ஆட்டோ பிடித்து வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அங்கிருந்து வளவுக்கு.

நந்தகோபால் ரயில் ஏறி வந்தபோது அம்மா குல்ஷன் வீட்டில் பாயில் படுத்திருந்தாள். குல்ஷன் ரசம் சாதத்தைக் கரைத்து ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருந்தாள். அவன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"உள்ள வாங்க தம்பி. பயப்பட ஒண்ணுமில்ல. கொஞ்சம் தேறிட்டாவ" என்றாள் குல்ஷன். அவனால் அவள் முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை. பிச்சை முகம்மது தானாகவே சென்னை விலைவாசியைப் பற்றி விசாரித்து அவனைப் பேச வைத்தார்.

சென்னைக்கு அழைத்துப்போகிற பேச்சு வரவில்லை. முந்தின வருஷம் வெள்ளைத்தாய் அங்கே போயிருந்தபோது, வீட்டுக்காரர் மாடிப்படியில் நின்று, எத்தனை நாள் இருப்பார்கள், தண்ணீர் லாரிக்கு ஆள் கணக்குப்படிதான் காசு என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவள் நாலே நாளில் திரும்பிவிட்டாள். அது இருவருக்கும் ஞாபகம் இருந்தது.

கொஞ்சம் நடமாட்டம் வந்து அம்மா பின்வீட்டுக்குத் திரும்பியதும் நந்தகோபால் மறுபடியும் வந்து, திருநெல்வேலி ரோட்டில் கயத்தாறைத் தாண்டி இருந்த ஒரு முதியோர் இல்லத்தைக் காட்டக் கூட்டிப்போனான். சுத்தமாக இருந்தது. ஆளுக்கு ஒரு கட்டில், ஒரு அலமாரி. வாரம் ஒரு முறை டாக்டர். வராந்தாவில் வரிசையாக நாற்காலி போட்டு வயசான பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை நாற்காலியும் வாசல் கேட்டைப் பார்த்துப் போட்டிருந்தது. இவர்கள் உள்ளே நுழைந்தபோது எல்லாத் தலையும் நிமிர்ந்தது. தங்களைத் தேடி வந்தவர்கள் இல்லை என்று தெரிந்ததும் ஒவ்வொன்றாகக் குனிந்தது.

மேனேஜர் முன்பணத்தையும் மாதக் கட்டணத்தையும் சொன்னார். "விலைவாசியப் பொறுத்து வருசா வருசம் கொஞ்சம் கூடும் சார்" என்றார்.

"இங்கனயுமா?" என்று நந்தகோபால் சிரித்தான். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் வெள்ளைத்தாய்தான் பேச்செடுத்தாள்.

"இவிய கேக்குத பணத்துல கால்வாசி இருந்தா குல்ஷன் வளவுல ஒரு வீடு கெடைக்கும்டா. நாலாம் வீடு காலியாத்தான் கெடக்கு."

"சொந்த வீடு இருக்கையில வாடகை வீட்டுக்கா? ஊருல என்னம்மா சொல்லுவாவ? அம்மாவ வெளிய தள்ளிட்டு வீட்ட வாடகைக்கு விட்டான்னு சொல்ல மாட்டாவளா?"

"சொல்லட்டும். பின்வீட்டயும் நீ வாடகைக்கு விடு. எனக்கு வாடகை குடுத்தது போக ஒனக்கும் கொஞ்சம் மிஞ்சும்."

"நான் அதுக்காகவா..."

"அதுக்காகன்னு நான் சொல்லல நந்தா. அந்த வீட்டுல பேச ஒரு ஆளு இல்லடா. நான் பேசியே எத்தன மாசம் ஆவுதுன்னு ஒனக்குத் தெரியாது."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ரோட்டோரம் முழுக்க சாலை வேலைக்காகக் கரிசலை வெட்டிக் குவித்திருந்தார்கள். ரொம்ப தூரம் போன பிறகு, "என் வீட்டுக்கு வாம்மான்னு என்னால சொல்ல முடியலயே" என்றான். வெள்ளைத்தாய் அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஊர் வரும் வரைக்கும் விடவில்லை.

ஆனால் வளவுக்காரி சொர்ணத்தாய் சம்மதிக்கவில்லை.

"தப்பா நெனைக்காதீங்க. தனியா இருக்க வயசாளியளுக்கு நான் வீடு விடுதது இல்ல. திடீர்னு ஏதும் ஆயிட்டுன்னா பெறகு அந்த வீட்ட யாரு கேட்டு வருவா? எனக்கு இந்த ஆறு வீட்டு வாடகைதான் சோறு."

வெள்ளைத்தாய் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்குச் சொர்ணத்தாய் மேல் வருத்தமில்லை. வீட்டை வைத்திருப்பவர்களின் கணக்கு அவளுக்குத் தெரியாததா? கிளம்பலாம் என்று அவள் சேலையைச் சரிசெய்தபோது குல்ஷன் முன்னால் வந்தாள். கையெல்லாம் அப்பள மாவு.

"இவிய தனி ஆளுன்னு யாரு சொன்னா? எங்க வீட்டு ஆளு. நாங்க ரெண்டு வீடா எடுக்கோம்னு வச்சிக்கிடுங்க. நல்லது கெட்டது எல்லாத்துக்கும் நானும் எங்க வீட்டவியளும் பொறுப்பு."

"நீ சொல்லுவ. நாளைக்கு..."

"நாளைக்கு எனக்கும் வயசாவும். நீங்க என்னயும் போகச் சொல்லுவீங்களா?"

குல்ஷன் அப்படிக் குரலை உயர்த்திப் பேசி வெள்ளைத்தாய் பார்த்ததில்லை. சொர்ணத்தாய் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கும் அறுபது தாண்டியிருந்தது. பிள்ளைகள் திருப்பூரில். "சரி, வாங்க. ஆனா கதவ உள்ளபக்கம் பூட்டக் கூடாது" என்றாள்.

கார்த்திகை மழையில் வெள்ளைத்தாய் குடிவந்தாள். முற்றத்துக் கரிசல் மண் காலில் அப்பிக்கொண்டு வந்தது. ஒரு கட்டில், பாத்திரங்கள், சுடலைமணியின் படம். நந்தகோபால் எல்லாவற்றையும் அடுக்கிக் கொடுத்துவிட்டு, பின்வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போனான். ராத்திரி படுத்தால் சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் உருளுவது கேட்டது. காலையில் அப்பள மாவு உருட்ட இரண்டு மணையாகப் போட்டார்கள். பேச்சு தானாக வர ஆரம்பித்தது.

நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் சில மத்தியானங்களில் வெள்ளைத்தாயின் கை நின்றுபோகும். கதவு இந்தப் பக்கம் திறக்கும் என்று நினைத்து அந்தப் பக்கம் தள்ளுவாள். சுவிட்சைத் தேடிக் கை வேறு சுவரில் தடவும். முப்பது வருஷம் அந்தப் பின்வீட்டுக்குள் அவள் கண்ணை மூடிக்கொண்டு நடந்திருக்கிறாள். அதை விட்டு வந்தது அவளாகத்தான். ஆகவே யாரிடமும் சொல்ல முடியவில்லை.

தை மாதம் ரேஷன் கடைக்குப் போனவள், கால் கொஞ்சம் நன்றாக இருக்கவே பழைய தெரு வழியாகத் திரும்பினாள். முன்வீட்டில் பூட்டு. சந்து வழியாகப் பின்வீட்டுக்குப் போனாள். ஒரு சின்ன வயசுப் பெண் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "யாரு வேணும்?" என்றாள்.

வீட்டுக்காரி என்று சொல்ல வாய் வரவில்லை. "சும்மா இந்தப் பக்கம் வந்தேன். கொஞ்சம் தண்ணி தாரியா?"

"உள்ள வந்து உக்காருங்க. என் பேரு மாரிசெல்வி. வந்து ரெண்டு மாசந்தான் ஆவுது." பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள். வெள்ளைத்தாய் தன் அடுப்படியில் விருந்தாளியாக உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். காஸ் அடுப்பு வேறு மூலையில் இருந்தது. அங்கே இருந்தால்தான் வெளிச்சம் விழுகிறது என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. இத்தனை வருஷம் தோன்றவே இல்லை.

"வீடு நல்ல வீடுதான். ஓனரு மெட்ராஸ்ல இருக்காராம். வருசத்துக்கு வருசம் வாடகைய ஏத்திருவாருன்னு பக்கத்துல சொல்லுதாவ. அதான் பயமா இருக்கு" என்றாள் மாரிசெல்வி.

வெள்ளைத்தாய் டம்ளரைக் கீழே வைத்தாள். "அவன் நல்லவந்தாம்மா" என்றாள். பிறகு, பொய் சொல்ல மனசில்லாமல், "ஆனா ஏத்துவான்" என்றாள். அந்தப் பெண் மேற்கொண்டு கேட்பதற்குள் எழுந்து வெளியே வந்தாள்.

வளவுக்கு வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. குல்ஷன் முற்றத்தில் அப்பளங்களை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க போனீங்க இவ்வளவு நேரம்? ரேசன் கட அப்பமே மூடியிருக்குமே?"

"வீட்டுக்குப் போயிருந்தேன்."

குல்ஷனின் கை நின்றது. அருகில் வந்து உட்கார்ந்தாள். "நம்ம வீட்டுக்கா?" என்று கேட்டாள். சத்தம் தாழ்ந்திருந்தது. "எப்படிக்கா இருக்கு? எனக்கும் போவணும் போவணும்னு இருக்கும். போய் நின்னா யாருன்னு கேப்பாவளேன்னு போகல."

"முன்வீடு பூட்டிக் கெடக்கு. பின்வீட்டுல ஒரு பொண்ணு இருக்கா. அடுப்ப ஜன்னலுக்கு நேரா மாத்திப் போட்டிருக்கா. நல்லாத்தான் இருக்கு."

"சந்துல பாசி புடிச்சிருக்குமே. யாரு தேய்க்கா?"

"யாரும் தேய்க்கல. வழுக்கத்தான் செய்யுது."

"நான் வாராவாரம் தேய்ப்பேன்லா" என்றாள் குல்ஷன். மேலும் ஒவ்வொன்றாகக் கேட்டாள். வெள்ளைத்தாய் பார்த்ததையும் பார்க்காததையும் சேர்த்துச் சொன்னாள். அப்பளங்கள் பாதி எடுத்தபடி கிடந்தன. கடையிலிருந்து பிச்சை முகம்மது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவது தெரிந்ததும்தான் இருவரும் எழுந்து மிச்சத்தை எடுக்கப் போனார்கள்.